எந்தத் தட்டைக் கேட்கிறீர்கள்?

பழைய திரைப்பாடல்களை வாசித்துக்கொண்டே அவற்றை ஆராயவும் விரும்பும் இசைக்கலைஞர்களிடமிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்.

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். 1950, 60களின் பாடல்களை முறையாக ஆராய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

ஒரே ஒரு படத்திலிருந்து தொடங்குங்கள். 'விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை' என்று தலைப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் 1952 முதல் 1965 வரை அவர்கள் சேர்ந்து செய்த அத்தனையும் தலையில் வந்து விழும். மூன்றாம் மாதமே கை ஓய்ந்துவிடும். ஒரு படம் என்றால் எட்டோ பத்தோ பாட்டுதான். பெரும்பாலும் ஒரே குழு வாசித்து, சில மாத இடைவெளிக்குள் பதிவாகியிருக்கும். ஒரு பாட்டில் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்திருக்கும் வாத்தியம் இன்னொரு பாட்டில் தனியாக நாலு சுரம் வாசித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

அந்தப் படத்துக்கு நான்கு பொருள்களைத் தேடுங்கள். படம், இசைத்தட்டு, பாட்டுப் புத்தகம், படம் வெளியான நாட்களின் பத்திரிகை விளம்பரம். நான்கும் ஒன்றுபோல் இருக்காது, அதுதான் விஷயமே. 'அன்பே வா' (1966) படத்தில் 'புதிய சூரியன்' என்று கேட்கும் இடத்தில் இசைத்தட்டில் 'உதய சூரியன்' என்று கேட்கும். தணிக்கை ஒன்றைத் தொட்டது, மற்றதைத் தொடவில்லை. தட்டை மட்டும் கேட்டவரும் படத்தை மட்டும் பார்த்தவரும் இதை வைத்துச் சண்டை போட்டால் இருவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

தியேட்டரில் அணாக் கணக்கில் விற்ற பாட்டுப் புத்தகங்களை லேசாக நினைக்க வேண்டாம். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிக்கும் அந்தச் சில பக்கங்களில், படத்திலிருந்து வெட்டப்பட்ட பாட்டின் முழு வரிகளும் சில சமயம் கிடைக்கும். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும், புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலும் இவற்றைப் பார்க்கலாம். போகும் முன் படத்தின் பெயர், வருடம், தயாரித்த கம்பெனி மூன்றையும் எழுதி அனுப்பிக் கேட்டுவிட்டுப் போங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று படங்கள் வந்த காலம் அது.

பாட்டுக்கு ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் எண், உங்களிடம் உள்ள பிரதி எங்கிருந்து வந்தது, அதில் ஒலிக்கும் சுருதி, விநாடிக் கணக்கில் நீளம், வாத்தியங்கள் எல்லாம் அதில் வர வேண்டும். காதால் கேட்டதை நீல மையிலும் ஊகத்தைச் சிவப்பு மையிலும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது எது கேட்டது, எது நினைத்தது என்று நமக்கே மறந்துபோகும். இந்தத் துறையில் உலவும் தவறுகளில் பாதி, யாரோ ஒருவரின் சிவப்பு மை அடுத்தவர் கையில் நீலமாக மாறியதால் வந்தவை.

ஒரு பாட்டு டிவிடியில் ஒரு சுருதியிலும் இசைத்தட்டில் ஒரு சுருதியிலும் இருக்கிறது. படத்துக்காகத் தனியாக மறுபடி பாடினார்களா?
— வயலின் ஆசிரியர், தஞ்சாவூர்

பாடியிருக்கலாம். அப்படிப்பட்ட பாட்டுகள் உண்டு. ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் வேகத்தைச் சரிபாருங்கள். பத்துக்கு ஏழெட்டுத் தடவை விடை அங்கேயே கிடைத்துவிடும்.

சினிமா விநாடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்) ஓடுகிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சியின் 'பால்' (PAL) முறை விநாடிக்கு 25. படத்தை அந்த முறைக்கு மாற்றும்போது பெரும்பாலும் 24ஐ அப்படியே 25ஆக ஓட்டிவிடுவார்கள். படம் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் அதிகமாக வேகமெடுக்கும், அதோடு ஒலியும் ஏறும். ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் அதில் ஏறத்தாழ 71 பங்கு ஏறிவிடுகிறது. ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில், ஒன்றரைக்குப் பக்கத்தில் போய் நிற்பார். 3 நிமிடம் 20 விநாடிப் பாட்டு 3 நிமிடம் 12 விநாடியில் முடிந்துவிடும். நீளம், சுருதி இரண்டும் இதே விகிதத்தில் மாறியிருந்தால் அது ஒரே பதிவுதான். நீளம் வேறு விகிதத்தில் மாறியிருந்தால்தான் வேறு பதிவா, வெட்டிச் சுருக்கியதா என்று ஆராய வேண்டும்.

எல்லா டிவிடியும் அப்படியில்லை. என்.டி.எஸ்.சி. (NTSC) என்ற இன்னொரு முறையில் வந்த இந்திய டிவிடிகள் ஏராளம். அவற்றில் வேகம் கேட்கும் அளவுக்கு மாறுவதில்லை. உறைக்குப் பின்னால் எந்த முறை என்று அச்சிட்டிருப்பார்கள். அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பால் பிரதி என்றால் ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் வேகத்தை 0.96ஆல் பெருக்குங்கள். 'சுருதி மாற்று' என்ற கட்டளையைத் தொடாதீர்கள். அது நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டு சுரத்தை மட்டும் இறக்கும், தாளம் பொய்யாகிவிடும். வேகத்தை மாற்றினால் சுரம், தாளம், குரலின் தன்மை மூன்றும் ஒன்றாக இறங்கும்.

இன்னொரு சாட்சி, மின்சாரத்தின் இரைச்சல். பாட்டு தொடங்கும் முன்போ முடிந்த பின்போ வரும் மௌனத்தை வெட்டியெடுத்து மென்பொருளில் அலைவரிசைப் படமாக (ஸ்பெக்ட்ரம்) பாருங்கள். பகுப்பின் அளவை 65536 என்று வைக்க வேண்டும். 2048இல் வைத்தால் ஒவ்வொரு கட்டமும் 20 ஹெர்ட்ஸுக்கு மேல் அகலமாகி, 50க்கும் 52க்கும் வித்தியாசமே தெரியாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 52க்குச் சற்று மேலே ஒரு கோடும் 104இல் ஒரு கோடும் தெரிந்தால், பதிவு செய்த அன்று இயந்திரத்தில் புகுந்த இரைச்சல் பாட்டோடு சேர்ந்து ஏறியிருக்கிறது என்று பொருள். 50இலும் ஒன்று, 52இலும் ஒன்று என இரண்டு கோடு தெரிந்தால், 50 என்பது பிரதி எடுத்தவருடைய கருவியின் இரைச்சல், 52 பழையது. அந்தக் காலத்து மின்சாரமும் 50இல் ஆடாமல் நின்றதில்லை. ஒரு ஹெர்ட்ஸ் முன்பின்னாக வந்தால் அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக வாத்தியங்களையே கேளுங்கள். வயலினின் கடைசித் தந்தி ஜி. அதற்குக் கீழே வயலினுக்குச் சுரம் கிடையாது, மாண்டலினுக்கும் அப்படியே. நீங்கள் வேகத்தை இறக்கிய பிறகு தனி வயலின் அதற்குக் கீழுள்ள எஃப் ஷார்ப்பைத் தொட்டால், தந்தியை இறக்கிக் கட்டியிருந்தாலொழிய, தேவைக்கு மேல் இறக்கிவிட்டீர்கள். ஆர்மோனியத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், அதன் நாக்குகளே கூடுதல் குறைச்சலாக இருந்திருக்கலாம்.

தாத்தா காலத்து 78 சுழற்சித் தட்டுகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. பூஞ்சை பிடித்திருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்து கணினியில் ஏற்றுவது?
— ஒரு வாசகி, காரைக்குடி

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறோம். ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் அந்தத் தட்டுகளின் பக்கத்தில் வரக்கூடாது. அவை அரக்கில் செய்தவை. மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவர் அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தான். உங்கள் தட்டும் அப்படியே கரையும். ஒரே துடைப்பில் பள்ளத்தின் ஓரம் மழுங்கிப் பாட்டு போய்விடும். வினைல் எல்.பி.க்கு என்று விற்கும் சில திரவங்களிலும் ஆல்கஹால் உண்டு, பாட்டிலின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பூஞ்சையை வெளியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் உலரத் தட்டிவிடுங்கள். பிறகு ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் மூன்று நான்கு சொட்டு. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு பள்ளத்தில் படிந்து வெடிப்புச் சத்தமாகக் கேட்கும். மிருதுவான பிரஷ்ஷைத் தோய்த்துப் பள்ளம் ஓடும் வாக்கிலேயே வட்டமாகத் தேயுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். நடுவில் உள்ள லேபிள் நனையவே கூடாது. பிளாஸ்டிக் டப்பாவின் வட்ட மூடியை அதன் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒருமுறை அலசி, பஞ்சு உதிராத துணியால் ஒற்றி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் அரை மணியில் அப்பளம்போல் வளைந்துவிடும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் கூடாது, நூலகத்துப் புத்தகம்போல் நேராக நிறுத்துங்கள்.

சாவி கொடுக்கும் பழைய கிராமபோனில் போட்டுக் கேட்க மனம் இழுக்கும். வேண்டாம். அதன் எஃகு முள், கனமான தலையோடு சேர்ந்து ஒவ்வொரு தடவையும் பள்ளத்தைச் சுரண்டுகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்று அந்நாளிலேயே மாற்றச் சொன்னார்கள். இன்றைய டர்ன்டேபிளில் 78க்கு உரிய முள்ளை மாட்டுங்கள். 78இன் பள்ளம் அகலமானது. அதற்கான முள்ளின் முனை அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, எல்.பி. முள் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. எல்.பி. முள்ளைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் இறங்கிக் குப்பையின் மேல் ஓடும். பாட்டு பக்கச் சுவரில் இருக்கிறது, நமக்குக் கேட்பதோ அடியின் இரைச்சல். 'தட்டு தேய்ந்துவிட்டது' என்று ஒதுக்கியவற்றில் பல, முள்ளை மாற்றியதும் வாய் திறக்கும்.

டர்ன்டேபிளில் 78 வேகமே இல்லையென்றால் 45இல் ஓட்டிப் பதிவு செய்து மென்பொருளில் 1.733ஆல் பெருக்கலாம். அவசரத்துக்குச் சரி, ஆனால் மந்தர, உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைக்கக் கருவிக்குள் இருக்கும் சமன்பாடு (ஈக்வலைசேஷன்) இடம் மாறி விழுவதால் குரல் இயல்பாக இருக்காது. வேகம் சரியா என்று பார்க்கக் கோடு போட்ட ஸ்ட்ரோப் தாளைத் தட்டின் மேல் வைப்பார்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 77 கோடு அசையாமல் நின்றால் வேகம் 77.92. இதைப் பழைய குண்டு பல்பின் வெளிச்சத்தில் பாருங்கள், பல எல்.இ.டி. விளக்குகளில் போதிய துடிப்பு இல்லை, கோடுகள் மங்கலாக ஓடிக்கொண்டேயிருக்கும்.

பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனலிலும். தட்டு மோனோதான், ஆனாலும் இரண்டாகவே எடுங்கள். பள்ளத்தின் ஒரு சுவர் தேய்ந்திருந்தால் மற்றச் சுவரை மட்டும் பயன்படுத்தலாம். இரண்டும் நன்றாக இருந்தால் பிறகு கூட்டி ஒன்றாக்குங்கள். முள் மேலும் கீழும் அதிரும் இரைச்சல் அதில் பெருமளவு அடிபட்டுப் போகும். இரைச்சல் நீக்கும் வேலை எதையும் மூலப் பிரதியில் செய்யாதீர்கள். கஞ்சிராவின் சலங்கை, வயலினின் வில் உரசல், பாடகி மூச்செடுப்பது எல்லாம் மென்பொருளின் கண்ணுக்கு இரைச்சல்தான். மூலத்தை மூன்று பிரதி எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

ஏற்றும்போதே லேபிளைப் படம் எடுங்கள். லேபிளுக்கு வெளியே பாட்டு முடிந்த வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுங்கள். லேபிள் எண் விற்பனைக்கு. உள்ளே பொறித்தது பதிவுக்கு. ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளில் பொறித்த எண் வேறாக இருந்தால் இரண்டு பதிவு இருக்கிறது என்று சந்தேகப்படத் தொடங்கலாம்.

'ஸ்டீரியோ', 'டிஜிட்டல்' என்று வந்த பிற்காலப் பதிப்புகளை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகர், கோவை

கூடாது. அவற்றில் சில, மோனோவை இரண்டாகப் பிரித்து எதிரொலி சேர்த்தவை. சிலவற்றில் புதிதாக பேஸும் டிரம்ஸும் ஏற்றியிருக்கிறார்கள். 1950களின் பாட்டில் மின்சார பேஸ் கிட்டார் வாசித்தார்கள் என்று எழுதிவைத்தவர்கள் இதில்தான் ஏமாந்தார்கள்.

பின்னணி இசையையும் சேர்த்து நொட்டேஷன் எழுதுவது எப்படி? பாட்டை எழுதிவிடுகிறேன், இடையிசையில் சிக்கிக்கொள்கிறேன்.
— கிட்டார் கலைஞர், சென்னை

பாட்டைச் சுரத்திலும் இடையிசையை மேற்கத்திய ஐந்து கோட்டு ஸ்டாஃபிலும் எழுதுங்கள். குரலின் கமகம் ஐந்து கோட்டுக்குள் அடங்காது. மூன்று வயலின் வரிசை, செல்லோ, கோரஸ் சேர்ந்து வருவதைச் சுரத்தில் எழுதினால் படிக்க முடியாது. இரண்டிலும் தாள எண்ணிக்கையைப் பொதுவாக வைத்து, ஒவ்வோர் ஆவர்த்தனத்துக்கும் (தாளச் சுற்றுக்கும்) எண் கொடுத்துவிட்டால் குழப்பம் வராது.

பேஸிலிருந்து தொடங்குங்கள். டபுள் பேஸ் பழைய மோனோப் பதிவில் அமுங்கிக் கிடக்கும். பாட்டை மென்பொருளில் ஒரு ஸ்தாயி உயர்த்திக் கேளுங்கள்: குரல் கீச்சென்று ஆகும், பொருட்படுத்த வேண்டாம், பேஸ் செல்லோபோலத் தெளிவாக எழுந்து நிற்கும். பேஸ் கிடைத்தால் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டில்) பாதி கிடைத்த மாதிரி. அடுத்தது மேல் வரிசை. உள்ளே இருப்பவை கடைசியில். வேகத்தை 60 சதவீதத்துக்குக் குறைத்து, ஒரே நேரத்தில் இரண்டு ஆவர்த்தனம் மட்டும் சுற்றவிடுங்கள். 50க்குக் கீழே போனால் மென்பொருளே இல்லாத சுரங்களை உண்டாக்கத் தொடங்கும்.

கீபோர்டும் கிட்டாரும் வாசிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. கை பழக்கத்தில் முழு கார்டையும் எழுதிவிடுவார்கள். அந்நாளையப் பாட்டுகள் பலவற்றில் கார்டே கிடையாது. பேஸில் ஒரு சுரம், மேலே இரண்டு வயலின் மூன்றாம் இடைவெளியில், அவ்வளவுதான். மூன்றாவது சுரம் உங்கள் மனதில் ஒலிக்கிறது, தட்டில் ஒலிக்கவில்லை. சோதிக்க வழி உண்டு. நீங்கள் எழுதியதை வாசித்துப் பதிவு செய்து, மூலத்தோடு மாற்றி மாற்றி ஐந்து விநாடி கேளுங்கள். உங்களுடையது கனமாகக் கேட்டால் ஏதோ கூட்டியிருக்கிறீர்கள்.

வாத்தியத்தை அடையாளம் காணச் சுரத்தின் தொடக்கத்தைக் கேளுங்கள், நடுவை வைத்துத் தேடாதீர்கள். கிளேவியோலின் என்ற சிறு மின் விசைக்கருவி ஷெனாய்போல ஒலிக்கும். ஆனால் ஷெனாயில் சுரம் பிடிக்கும் முன் நாக்கின் ஒரு சிறு தட்டலும் மூச்சும் இருக்கும், சுரத்துக்குச் சுரம் வழுக்கும். விசைக்கருவியில் சுரம் படியேறுவதுபோல் நிற்கும். மாண்டலினையும் சந்தூரையும் பிரிக்க முடிவைக் கேளுங்கள். சந்தூரின் தந்திகள் அடங்காமல் ஒன்றன்மேல் ஒன்று கலந்து ஒலிக்கும், மாண்டலினில் அடுத்த சுரம் வந்ததும் முந்தையது செத்துவிடும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ராகம் சொல்லியே ஆக வேண்டுமா?
— இசைக்கல்லூரி மாணவி, மதுரை

'ஹரிதாஸ்' (1944) படத்தின் 'மன்மத லீலையை' சாருகேசி. 26ஆவது மேளகர்த்தா ராகம், தயக்கமில்லாமல் எழுதலாம். பாபநாசம் சிவனும் ஜி.ராமநாதனும் ராகத்திலேயே நினைத்தவர்கள். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தின் 'சிங்காரவேலனே' ஆபேரி. எஸ்.ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் ராகத்தை விட்டு விலக இடமே தராது. 60களின் மெல்லிசையில் இந்த அளவுகோல் எப்போதும் செல்லாது. பல்லவி ஒரு ராகத்தின் சாயலில் போகும், இடையிசை அதற்கு வெளியே போய்விட்டுத் திரும்பும், சரணத்தில் ஓர் அந்நிய சுரம் வேண்டுமென்றே விழும். அந்த மாதிரிப் பாட்டுக்குப் பகுதிவாரியாக எந்தெந்தச் சுரங்கள் என்று அட்டவணை போடுங்கள். ராகத்தின் பெயரை அதற்குக் கீழே 'சாயல்' என்று குறிப்பிட்டால் போதும். பெயருக்காகச் சுரத்தை வளைக்காதீர்கள்.

சட்ஜமத்தை (ஆதாரமான 'ச' சுரத்தை) தவறாகப் பிடித்தால் எல்லாமே மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். சங்கராபரணத்தின் தைவதத்தைச் சட்ஜமமாகக் கொண்டால் அதே சுரங்கள் நடபைரவி. ரிஷபத்தைக் கொண்டால் கரகரப்பிரியா. பல்லவியின் கடைசிச் சொல் விழும் இடத்தில் பேஸ் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் ஆதாரம்.

தட்டில் ஒரு பெயர், இணையத்தில் வேறு பெயர். பாடியவர் யார் என்று எப்படி முடிவு செய்வது?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

நம்பகத்தின் வரிசை இது: படம் வந்த காலத்துத் தட்டின் லேபிள், பாட்டுப் புத்தகம், படத்தின் டைட்டில். பிற்காலக் கேசட், சிடி உறைகள் கடைசி. டைட்டிலில் பாடியவர் பட்டியல் இருக்கும், எந்தப் பாட்டு யாருடையது என்று இருக்காது.

லேபிளும் பொய் சொல்வதுண்டு. இந்தியில் 'மகால்' (1949) படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய புகழ்பெற்ற பாட்டின் தட்டில் பாடியவராக அச்சானது காமினி என்ற கதாபாத்திரத்தின் பெயர். தமிழில் பின்னணி பாடுவது ஏவி.மெய்யப்பனின் 'நந்தகுமார்' (1938) படத்தோடு வருகிறது. அதற்கு முந்தைய படங்களில் நடித்தவர்தான் பாடினார். ஆனால் அந்தப் பாட்டுகளையே வேறு பாடகர்கள் தனித் தட்டாகக் கொடுத்ததும் உண்டு, அதனால் கையில் உள்ள தட்டு படத்தின் குரல்தானா என்று பாருங்கள்.

இசையமைப்பாளர் பெயரிலும் இதே நிதானம் தேவை. சி.ஆர்.சுப்பராமன் 1952இல் இறந்தார். அவர் இசையமைத்துவந்த 'தேவதாஸ்' 1953இல் வந்தது. மிச்ச வேலையை விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் முடித்தார்கள். இந்த மாதிரிப் படத்தில் மெட்டு யாருடையது, இடையிசை யாருடையது என்று பாட்டைக் கேட்டே பிரித்துவிட்டதாகச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். இரட்டையர்களின் பாட்டை 'இது அவர், இது இவர்' என்று பங்குபோடுவதும் அப்படித்தான்.

70களில் இலங்கை வானொலியிலிருந்து பதிவு செய்த கேசட்டுகள் வைத்திருக்கிறோம். இவற்றால் பயன் உண்டா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். 1952 வாக்கில் அகில இந்திய வானொலி திரைப்பாடலை ஒதுக்கி வைத்தபோது நேயர்கள் இலங்கைப் பக்கம் திரும்பினார்கள். 1957இல் விவித் பாரதி வந்த பிறகும் பலர் திரும்பிப் போகவில்லை. தமிழ்நாட்டில் கிடைக்காமல் போன தட்டுகள் அங்கே சுழன்றன. அறிவிப்பாளர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு படம், பாடியவர், இசை, பாடலாசிரியர் என்று வாசித்த வரிகள் ஓர் அச்சிட்ட பட்டியலுக்குச் சமம். பாட்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு அறிவிப்பை அழித்துவிடாதீர்கள்.

போடும் முன் ஒருமுறை முழுதாக முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றுங்கள், ஒட்டியிருக்கும் சுற்றுகள் பிரியும். நாடாவை அழுத்தும் சிறு கம்பளித் துண்டு விழுந்திருந்தால், திருகு போட்ட வேறு கூட்டுக்கு நாடாவை மாற்றுங்கள். கருவியின் தலையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைக்கலாம். அரக்குத் தட்டுக்கு நஞ்சானது இங்கே மருந்து. தலைக்குப் பக்கத்தில் உள்ள சிறு திருகைக் கால் சுற்றுக்குள் இப்படியும் அப்படியும் திருப்பி, 'ச', 'ஸ' ஒலிகள் எங்கே கூர்மையாகக் கேட்கின்றனவோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் மறுபடி செய்ய வேண்டும். முதல் தடவை ஓட்டும்போதே பதிவு செய்துவிடுங்கள், இரண்டாம் தடவை நாடா தாங்காமல் போகலாம்.

இந்தப் பாட்டுகளைப் பாடி இணையத்தில் ஏற்றலாமா? காப்புரிமை தீர்ந்துவிட்டது என்கிறார்களே?
— பாடகி, சேலம்

ஒரு பாட்டில் மூன்று உரிமை இருக்கிறது. ஒலிப்பதிவு, மெட்டு, வரிகள். ஒலிப்பதிவுக்கு வெளியான வருடம் முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. 1960இல் வந்த தட்டுக்கு 2020 முடிவோடு தீர்ந்தது. மெட்டுக்கும் வரிக்கும் அவரவர் இறந்த வருடம் முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. ஜி.ராமநாதன் 1963இல் இறந்தார், 2023 முடிவோடு தீர்ந்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959, ஆகவே 2019. கண்ணதாசன் 1981, 2041 வரை இருக்கிறது. எம்.எஸ்.விஸ்வநாதன் 2015, 2075 வரை. ஆக, பழைய தட்டின் ஒலிப்பதிவு பொதுவுடைமையாகியிருந்தும் அதே பாட்டை நீங்கள் பாட அனுமதி தேவைப்படலாம். ஆராய்ச்சிக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் இணையதளங்களின் தானியங்கி முறைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, உரிமை தீர்ந்ததற்கும் தடை வரும். வருடக் கணக்கைத் தாளில் வைத்திருந்து மறுப்பு அனுப்புங்கள்.

கச்சேரியும் வேண்டும், ஆராய்ச்சியும் வேண்டும். நேரத்தை எப்படிப் பிரிப்பது?
— தபேலா கலைஞர், ஈரோடு

பிழைப்புக்குக் கச்சேரியும் வகுப்பும்தான். ஆராய்ச்சி மட்டும் வீட்டு வாடகை கட்டாது. ராத்திரி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வாசித்த மறுநாள் காலை காதில் உச்ச ஒலிகள் மங்கியிருக்கும், அன்று நொட்டேஷன் எழுதாதீர்கள். தாள்களை ஒழுங்கு செய்யுங்கள், லேபிள்களைத் தட்டச்சு செய்யுங்கள். மேடையில் காதடைப்பான் போடுவது நல்லது. கச்சேரி இல்லாத நாட்களில் காலை ஒன்றரை மணி நேரம், குறைந்த ஒலியில். அதற்கு மேல் காது தான் நினைத்ததையே கேட்கத் தொடங்கும்.

அந்தக் காலத்தில் வாசித்த ஒரு பெரியவர் எங்கள் ஊரில் இருக்கிறார். எண்பத்தைந்து வயது. அவரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?
— ஒரு வாசகர், புதுச்சேரி

இந்த வாரமே போங்கள். மற்றக் கேள்விகளையெல்லாம் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போட முடியாது. டைட்டிலில் இசையமைப்பாளர் பெயரும் மிஞ்சினால் உதவியாளர் பெயரும் வந்தன. முப்பது பேர் உட்கார்ந்து வாசித்ததில் மற்றவர்கள் பெயர் எங்கும் அச்சாகவில்லை. அவர்கள் வாசித்த நொட்டேஷன் தாள்களும் பெரும்பாலும் பதிவு முடிந்ததும் குப்பைக்குப் போயின. இருப்பது தட்டும் இவர் நினைவும்தான்.

'அந்தக் காலம் எப்படி இருந்தது ஐயா' என்று தொடங்கினால் ஊருக்கெல்லாம் சொன்ன நாலு கதையைச் சொல்வார். பாட்டைக் கொண்டுபோங்கள். செல்போனின் சொந்த ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது, ஒரு சின்ன ஸ்பீக்கர் எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் சரிசெய்த பிரதியாக இருக்கட்டும். விரல்கள் பழைய இடத்தைத் தேடும்போது சுருதி அரைச்சுரத்தில் முக்கால் பங்கு தள்ளியிருந்தால் அவருக்கே சந்தேகம் வந்துவிடும். ஓர் இடையிசையை மட்டும் போட்டு, 'இந்த இடத்தில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?' என்று கேளுங்கள். அதிலிருந்து பக்கத்தில் இருந்தவர் பெயர் வரும், மைக் எத்தனை என்று வரும், பாடகர் அதே அறையில் நின்றாரா தனி அறையிலா, எத்தனையாவது டேக், கால்ஷீட் எத்தனை மணிக்கு முடிந்தது, கைக்கு என்ன கொடுத்தார்கள் எல்லாம் வரும். வாத்தியம் வீட்டில் இருந்தால் மடியில் வைக்கச் சொல்லுங்கள். வாய்க்கு மறந்ததைக் கை சொல்லும்.

நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். இரண்டு கருவியில் பதிவு செய்யுங்கள், ஒன்று எப்போதும் சரியான நேரத்தில் நின்றுபோகும். மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் மைக்கை அவர் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். அவர் தவறாகச் சொன்னதாகத் தோன்றினால் அங்கேயே திருத்தாதீர்கள். அடுத்த முறை அந்தப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள், அவரே திருத்துவார். நினைவு எப்போதும் பெரிய பெயர்களின் பக்கம் சாயும். அதிகம் தெரியாத ஒருவருடைய பாட்டைப் புகழ்பெற்றவர் கணக்கில் சேர்த்துவிடும். ஆகவே அவர் சொன்ன ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் அவர் பெயர், தேதி, எந்தப் பாட்டைக் கேட்டபோது சொன்னார் என்று எழுதுங்கள். இன்னொருவர் தனியாக அதையே சொன்னால்தான் நீல மைக்கு மாற்றலாம்.

பதிவை எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், பெரிய எழுத்தில், தமிழில், ஒரே பக்கத்தில். ஒரு பிரதியைப் பென் டிரைவில் குடும்பத்தாரிடம் கொடுங்கள். அவருடைய நேரத்துக்குப் பணம் கொடுப்பதில் தயங்க வேண்டாம், கச்சேரிக்கு ஆளை அழைத்தால் கொடுக்க மாட்டோமா? கிளம்பும் முன் அவர் முழுப் பெயரை, இனிஷியலோடு, அவர் எழுத விரும்பும் எழுத்துக்கூட்டலில், அவர் கையாலேயே உங்கள் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கை நடுங்கினால் காத்திருங்கள்.